வீ கன்சோலின் நேண்ட் பேக்கப்: எடுப்பதும் திரும்ப ஏற்றுவதும்

நின்டெண்டோ வீயில் ஹோம்ப்ரூ சேனல் (வெளியார் எழுதிய நிரல்களைத் திறக்கும் சேனல்) போட்டாயிற்றா? கேம் ஏற்றுவதற்கு முன்னால் பேக்கப் எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது 512 எம்பி நேண்ட் சிப், அதாவது கன்சோலின் நிரந்தர நினைவகம். சிஸ்டம் மெனு, ஐஓஎஸ்கள் (வீயின் உள் இயக்க மென்பொருள்கள்; ஐபோனுடையது அல்ல), சேவ்கள், வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான். கன்சோலுக்குக் கன்சோல் வேறுபடும் சாவியால் பூட்டப்பட்டிருப்பதால், நண்பருடைய பேக்கப் உங்கள் வீக்கு உதவாது. உங்களுடையதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முதலில் அடாப்டரைப் பாருங்கள். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த வீ என்றால் 230 வோல்ட். புதுச்சேரியில் பிளக் பின் மாற்றினால் போதும். அமெரிக்க அடாப்டர் 120, ஜப்பானியது 100 வோல்ட். நேராகச் செருகினால் கருகிவிடும். மாற்று அடாப்டர் வாங்கினால் 12 வோல்ட், 3.7 ஆம்பியர் வெளியீடு இருக்க வேண்டும்.

எஸ்டி கார்டு 32 ஜிபிக்குள், ஃபேட்32 ஃபார்மட்டில், குறைந்தது 1 ஜிபி காலியாக இருக்கட்டும். ஓரத்து லாக் ஸ்விட்சைத் திறந்து வையுங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றால் கார்டின் உலோகப் பட்டைகள் மங்கிப்போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தபின் செருகுங்கள்.

பேக்கப் எடுக்கும் மென்பொருள் பூட்மீ. ஹோம்ப்ரூ சேனலைப் போடும் ஹேக்மீ இன்ஸ்டாலர் அதைப் போட இரண்டு இடம் காட்டும்: பூட்2 (கன்சோல் எழும்போதே ஓடும் தொடக்க நிரல்), ஐஓஎஸ். பழைய கன்சோலாக இருந்து பூட்2 அனுமதி கிடைத்தால் யோசிக்காமல் அதைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் மெனு செத்தாலும் பூட்2 அதற்கு முன்பே எழும்பும், கார்டில் பூட்மீ ஃபோல்டர் இருந்தால் போதும். ஐஓஎஸ் மட்டும்தான் கிடைக்கிறதென்றால் மெனு ஏறுவதற்கு முன் ஓடும் பிரைலோடர் நிரலையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் ஐஓஎஸ் பூட்மீயைத் திறக்க ஹோம்ப்ரூ சேனல் வேண்டும். மெனு போனால் சேனலும் போனது.

எடுக்கும் முறை: ஹோம்ப்ரூ சேனலில் ஹோம் பட்டனை அழுத்தி, பூட்மீயைத் திறங்கள். வீ ரிமோட் இங்கே வேலை செய்யாது. கன்சோலின் பவர் பட்டன் நகர்த்தும், ரீசெட் தேர்ந்தெடுக்கும். பற்சக்கரப் படத்துக்குள் போனால், சிப்பிலிருந்து கார்டுக்குப் பச்சை அம்பு காட்டும் படம் இருக்கும். அதுதான் பேக்கப். சிவப்பு அம்பைத் தொடாதீர்கள். 4096 பிளாக்குகளும் கட்டம் கட்டமாக நிரம்பும். ஒன்றிரண்டு கெட்ட பிளாக் வந்தால் பயப்பட வேண்டாம். ஃபேக்டரியிலிருந்தே வருவது, 80 வரை இயல்பு. அடுத்து வரும் சரிபார்ப்பை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். பழுதான கார்டு பிடிபடுவது அங்கேதான்.

முடிந்ததும் கார்டில் நேண்ட்.பின், கீஸ்.பின் இரண்டும் இருக்கும். நேண்ட்.பின் சரியாக 55,36,49,152 பைட்: 512 எம்பி தரவு, பிழைதிருத்தத்துக்கு 16 எம்பி, கடைசியில் சாவிகளுக்கு 1024 பைட். ஒரு பைட் குறைந்தாலும் மறுபடி எடுங்கள். கணினிக்கும் பென்டிரைவுக்கும் நகலெடுத்து, ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். தானே, ஃபெஞ்சல் புயல்களைப் பார்த்த கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

திரும்ப ஏற்றுவது வேறு கதை. மெனு உண்மையிலேயே எழாதபோது மட்டும் செய்யுங்கள்; "சும்மா புதுசாக்கலாம்" என்று செய்யவே கூடாது. எழுதும்போது கரண்ட் போனால் நேண்ட் அரைகுறையாக நிற்கும். பூட்2 இருந்தால் மறுபடி முயலலாம், ஐஓஎஸ் மட்டும் என்றால் அதோடு முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதில் இறங்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நொடியில் கன்சோல் அணைந்துவிடலாம்.

நேண்ட்.பின்னைக் கார்டின் மேல்மட்டத்தில் வைத்து, சிவப்பு அம்பைத் தேர்ந்தெடுங்கள். உறுதி செய்ய கொனாமி பட்டன் வரிசையை (பழைய கொனாமி கேம்களில் வரும் ரகசிய பட்டன் வரிசை) கேட்கலாம், அதற்கு கேம்க்யூப் கன்ட்ரோலர் வேண்டும். முன்கூட்டியே ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்2 இல்லாத கன்சோல் முழுதாகச் செத்துவிட்டால், சிப்பில் ஒயர் சாலிடர் செய்து வெளி புரோகிராமரால்தான் எழுத முடியும். அதற்கும் இதே கோப்புதான், கடைசி 1024 பைட்டை வெட்டிவிட்டு.