சிங்கப்பூரில் வேலைக்கு வந்திறங்கிய சேலத்துக்காரர்களுக்கு: வருமான வரியும் நாள் கணக்கும்

ஆறு மாதமோ ஒரு வருடமோ வேலை பார்க்கலாம் என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் சிங்கப்பூர் வந்தவர்கள், வந்த அன்றே ஒரு சின்ன நோட்டில் தேதி எழுத ஆரம்பிக்க வேண்டும். எந்த நாளில் இந்தியாவை விட்டுக் கிளம்பினோம், எந்த நாளில் சிங்கப்பூரில் இறங்கினோம், இடையில் ஊருக்குப் போய் வந்த நாள்கள் எவை என்று எல்லாம் அதில் இருக்கட்டும். சம்பளம் எவ்வளவு என்பதைவிட இந்த நாள் கணக்குதான் உங்கள் வரியை முடிவு செய்கிறது. சிங்கப்பூரின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நம் ஊரில் ஏப்ரல் முதல் மார்ச் வரை. குறுகிய கால வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூர் எண்ணும் முறை

ஒரு காலண்டர் ஆண்டில் 60 நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை பார்த்திருந்தால் அந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. கம்பெனி டைரக்டர்கள், மேடைக் கலைஞர்கள், ஆலோசகர், பயிற்சியாளர் போன்ற தொழில்முறை நிபுணர்கள் ஆகியோருக்கு இந்தச் சலுகை கிடையாது. 61 முதல் 182 நாள் வரை என்றால் வரிக் கணக்கில் நீங்கள் குடியிராதவர் (நான்-ரெசிடென்ட்). சம்பளத்தில் 15 சதவீதம், அல்லது குடியிருப்பவருக்கான விகிதத்தில் வரும் தொகை, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். தனிநபர் கழிவுகள் எதுவும் இல்லை. 183 நாளைத் தொட்டுவிட்டால் குடியிருப்பவர். முதல் 20,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வரியே இல்லை, அடுத்த 10,000 வெள்ளிக்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000 வெள்ளிக்கு 3.5 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உழைப்பு வருமானக் கழிவாக 1,000 வெள்ளியும் உண்டு.

மாதம் 2,000 வெள்ளி வாங்குபவர் ஜனவரி முதல் டிசம்பர் வரை முழு ஆண்டு வேலை பார்த்தால் வருமானம் 24,000. கழிவு போக 23,000. வரி வெறும் 60 வெள்ளி. அதே ஆள் ஐந்தரை மாதத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

2025 அக்டோபர் 15-ல் வந்து 2026 மார்ச் 31-ல் திரும்புகிறார். 2025-ல் 78 நாள், 2026-ல் 90 நாள். இரண்டு ஆண்டிலும் தனித்தனியாக 183 இல்லை. சேர்த்தாலும் 168 தான். ஆகவே 2025-ல் வாங்கிய சுமார் 5,000 வெள்ளிக்கு 750, 2026-ல் வாங்கிய 6,000-க்கு 900, மொத்தம் 1,650 வெள்ளி வரி. இவரே இன்னும் 15 நாள் இருந்து ஏப்ரல் 15 வரை வேலை செய்திருந்தால் தொடர்ச்சியாக 183 நாள் நிறைந்திருக்கும். வேலை இரண்டு காலண்டர் ஆண்டுகளில் விழுந்தாலும் தொடர்ந்து 183 நாள் தங்கியிருந்தால் இரண்டு ஆண்டுக்கும் குடியிருப்பவராக ஏற்கும் சலுகை இருக்கிறது. அப்போது இரண்டு ஆண்டிலும் வருமானம் 20,000-க்குக் கீழே. வரி பூஜ்யம். பதினைந்து நாளுக்காக 1,650 வெள்ளி போவது சின்ன விஷயமில்லை. ஊரில் ஒரு குடும்பம் அதை வைத்துப் பல மாதம் ஓட்டும். திரும்பும் டிக்கெட் போடும் முன் விரல் விட்டு எண்ணிவிடுங்கள். ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் எண்ணிக்கையில் சேரும்.

இதில் இன்னொரு சிக்கல். உங்கள் வேலை அனுமதி ஓராண்டுக்கோ அதற்கு மேலோ செல்லுபடியானால், சிங்கப்பூரின் உள்நாட்டு வருமான வரி ஆணையம் ஆரம்பத்திலேயே உங்களைக் குடியிருப்பவராக வைத்துக் கணக்குப் போடும். முதல் ஆண்டு மதிப்பீட்டுக் கடிதத்தில் பூஜ்யம் என்றுகூட வரலாம். இடையில் வேலையை விட்டுக் கிளம்பும்போது நாளைத் திரும்ப எண்ணுவார்கள். 183 இல்லையென்றால் பழைய ஆண்டையும் சேர்த்து 15 சதவீதம் கேட்பார்கள். கடைசி மாதத்தில் திடீரென்று பெரிய தொகை வந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சம்பளச் சீட்டும் கடைசி மாதச் சம்பளமும்

நம் ஊரில் டி.டி.எஸ் பிடிப்பதுபோல் சிங்கப்பூரில் மாதா மாதம் வருமான வரி பிடிக்கும் முறை இல்லை. சம்பளச் சீட்டில் மாதந்தோறும் வரி என்று ஒரு கழிவு இருந்தால் அது என்ன என்று எழுத்தில் கேளுங்கள். லெவி என்று சொல்லிக் கழித்தால் அது தவறு. வெளிநாட்டு ஊழியருக்கான லெவி முதலாளி கட்ட வேண்டியது, அதை ஊழியர் சம்பளத்திலிருந்து எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கேட்டும் சரியாகவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் போகலாம். லெவியையும் வருமான வரியையும் ஒன்றாக நினைத்து, வரி கட்டியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

வேலையை விட்டு நிற்கும்போதும், மூன்று மாதத்துக்கு மேல் சிங்கப்பூரை விட்டுப் போகும்போதும், குறைந்தது ஒரு மாதம் முன்பே, வரிக் கணக்கை முடிப்பதற்கான ஐ.ஆர்.21 படிவத்தை முதலாளி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் விலகுவது தெரிந்ததும் உங்களுக்குத் தர வேண்டிய பணம் முழுவதையும் அவர் நிறுத்தி வைக்க வேண்டும். கடைசிச் சம்பளம், ஓவர்டைம், விடுப்புப் பணம் எல்லாம் இதில் அடங்கும். ஆணையம் படிவத்தைப் பெற்ற நாளிலிருந்து 30 நாள் வரையோ, கணக்கு முடிந்ததாகத் தகவல் வரும் வரையோ, எது முன்னதோ அதுவரை பணம் நிற்கும். வரியைக் கட்டிவிட்டு மீதியை உங்களிடம் தர வேண்டும். ஆகவே கடைசிச் சம்பளம் நின்றதும் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். அதே சமயம் கேட்காமல் விடவும் வேண்டாம். ஐ.ஆர்.21-இன் நகல், எவ்வளவு வரி என்று ஆணையம் அனுப்பிய கடிதம் இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் வந்து சேரும்வரை சிங்கப்பூர் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

வேலையில் தொடர்பவர்கள், முந்தைய ஆண்டு வருமானம் 22,000 வெள்ளிக்கு மேல் போயிருந்தாலோ, தாக்கல் செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருந்தாலோ, மார்ச் 1 முதல் ஏப்ரல் 18-க்குள் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) மூலம் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள் சம்பள விவரத்தை நேரடியாக அனுப்பிவிடும். அதைச் சரிபார்த்தால் போதும். மதிப்பீட்டுக் கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் 5 சதவீதம் அபராதம். ஆட்சேபம் சொல்லவும் அதே 30 நாள்தான்.

நம் ஊர்க் கணக்கு

வெளிநாட்டு வேலைக்காக இந்தியாவை விட்டுப் போகும் இந்தியக் குடிமகன், அந்த ஏப்ரல்–மார்ச் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் குடியிராதவர். வெளிநாட்டில் உழைத்து அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை 181 நாள். ஆகவே செப்டம்பர் 28-க்குள் கிளம்பி, மார்ச் 31 வரை திரும்பாமல் இருந்தால்தான் கணக்கு நிற்கும். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் திருச்சிக்குப் பஸ் ஏறிய நாள் இதில் சேராது, விமான நிலையத்தில் குடியுரிமைச் சோதனை முத்திரை விழும் நாள்தான் கணக்கு. நள்ளிரவு விமானங்களில் ஒரு தேதி முன்னே பின்னே ஆகலாம். விளிம்பில் நிற்பவர்கள் மூன்று நான்கு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவது நல்லது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வந்து தங்கும் நாளும் பொங்கலுக்கு வந்து தங்கும் நாளும் இந்தக் கணக்கில் ஏறும். கிளம்பும்போது இந்திய முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்தாலும், சிங்கப்பூர் பக்கம் முத்திரையை நம்ப முடியாது. போர்டிங் பாஸைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன அக்டோபர் 15 ஆளுக்குத் திரும்ப வருவோம். அவர் 2025–26-ல் இந்தியாவில் 198 நாள் இருந்திருக்கிறார். ஆகவே இந்தியாவில் குடியிருப்பவர். சிங்கப்பூர்ச் சம்பளத்தை இங்கேயும் காட்ட வேண்டும். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் 12 லட்ச ரூபாய் வரையிலான தள்ளுபடிக்குள் அது அடங்கிவிடும், வரி வராது. ஆனால் ரிட்டர்ன் கட்டாயம். சிங்கப்பூரில் கட்டிய 1,650 வெள்ளியை இங்கே கழித்துக்கொள்ளலாமா என்றால், அதே வருமானத்துக்கு இந்தியாவில் வரும் வரியளவுக்குத்தான் கழிவு. இங்கே வரி பூஜ்யம் என்றால் கழிவும் பூஜ்யம். அந்தப் பணம் திரும்பாது. இந்திய வரியும் வருகிறவர்கள் கழிவு கேட்க, 2025–26 வரையிலான வருமானத்துக்குப் படிவம் 67-ஐச் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும்.

இப்படிக் குடியிருப்பவராக இருப்பவர்கள் ரிட்டர்ன் படிவங்களில் ஐ.டி.ஆர்-1 போடக் கூடாது, ஐ.டி.ஆர்-2 தான். அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் சிங்கப்பூர் வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்தக் கணக்கு இருப்பதே ரிட்டர்ன் போடக் காரணம். அந்த அட்டவணைக்கு மட்டும் ஜனவரி–டிசம்பர் கணக்கு. மறைத்தால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டம் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

குடியிராதவர் ஆனவர்களுக்கு வேறு தொல்லை. ஃபேர்லேண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ வீடு வாடகைக்கு விட்டிருந்தால், வாடகைக்கு இருப்பவர் அந்த வாடகையில் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். வாடகை சிறியது என்பதால் விலக்கு இல்லை. அதிகம் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க முடியும். 12 லட்சத் தள்ளுபடி குடியிராதவருக்குக் கிடையாது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் உங்கள் பெயரில் இருந்தால், விளைவித்துப் பதப்படுத்தி விற்கும் காப்பியின் லாபத்தில் 25 சதவீதம் வரிக்குரிய வியாபார வருமானம். அப்போது ஐ.டி.ஆர்-2 பொருந்தாது, ஐ.டி.ஆர்-3 தான்.

வங்கி வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போனதுமே, நாள் எண்ணிக்கையைப் பார்க்காமல், சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும்.

ஐ.டி.ஆர்-2-க்குக் கடைசி நாள் ஜூலை 31. தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்ப்பு முடியாவிட்டால் ரிட்டர்ன் போட்டதாகவே ஆகாது. ஆதாரில் பதிந்த செல்போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி வரும். கிளம்பும் முன் அந்த சிம்முக்கு ரோமிங் போட்டு, ரீசார்ஜ் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் செத்துவிட்டால் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு, அதே 30 நாளுக்குள் பெங்களூருவில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டி வரலாம்.