ஜன்னல், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளியா? நார்க்கயிறும் சுண்ணாம்பும் கொண்டு அடைக்கும் முறை

எங்கள் பாட்டி வீட்டுப் பின்கட்டு ஜன்னலில் ஐப்பசி வந்தாலே மழைத்தண்ணீர் உள்ளே வழியும். ஒரு வருடம் நானே சிமெண்டைக் குழைத்து இடைவெளியை அடைத்தேன். அடுத்த கோடையில் மரத்தை ஒட்டி முடி போல ஒரு விரிசல் விட்டது. அதன் வழியே இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல் உள்ளேயே தங்கியது. மூன்றாவது மழைக்காலத்தில் நிலைக்காலின் அடி, கையால் பிய்க்கலாம் என்கிற அளவுக்கு மக்கிவிட்டது. நல்ல தேக்கு அது. இன்றும் மனசு கேட்கவில்லை.

மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமெண்ட் அதோடு அசையாது. சுண்ணாம்புச் சாந்து அத்தனை கெட்டி இல்லை. வாங்கிய ஈரத்தைத் திரும்ப வெளியே விட்டுவிடும். அதற்குப் பின்னால் தேங்காய் நார்க்கயிறு இருந்தால் மரம் உப்பும்போது கயிறு அமுங்கி இடம் கொடுக்கும். அதனால்தான் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். ஆவணி, புரட்டாசியில் செய்துவிட்டால் மழைக்கு முன் சாந்து இறுகிவிடும்.

வேண்டியவை

நீற்றிய (தண்ணீர் விட்டு அவித்த) சுண்ணாம்பு விழுது, சலித்த ஆற்று மணல், நார்க்கயிறு, கடுக்காய், கொஞ்சம் வெல்லம், சாக் பவுடர், ஆளிவிதை எண்ணெய், சின்னக் கரணை, பட்டி பிளேடு, மர ஆப்பு, ஒட்டும் டேப். கடல் மணல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும், முதல்முறை செய்பவர்கள் அந்த வேலையில் இறங்காமல் நீற்றியதையே வாங்குங்கள். வாங்கிய விழுதும் கையையும் கண்ணையும் பொசுக்கும். கையுறை, கண்ணாடி இரண்டும் அவசியம்.

1. மரத்தைப் பாருங்கள்

திருப்புளியால் நிலையின் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். பொதுக்கென்று உள்ளே போனாலோ, கரையான் மண் தெரிந்தாலோ, நிலையே ஆடினாலோ, அடைக்கிற வேலையை நிறுத்திவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். மரம் கெட்டியாக இருந்தால், காற்றடிக்கும் நேரத்தில் ஓர் ஊதுபத்தியை ஓரமாக நகர்த்திக்கொண்டே போங்கள். புகை ஆடும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறியுங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை விட்டுவிடுங்கள். அது கதவு அசைவதற்கான இடம்.

2. சுத்தம் செய்யுங்கள்

பழைய சிமெண்ட், உதிரும் பூச்சு, தூசி எல்லாவற்றையும் உளியாலும் பிரஷாலும் எடுங்கள். வெளியே தெரியும் மரத்தின்மேல் டேப் ஒட்டுங்கள், சுண்ணாம்பு பட்டால் தேக்கு கறுக்கும். இடைவெளிக்குள் இருக்கும் மரப்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவி இரண்டு நாள் உலரவிடுங்கள்.

3. கயிறு திணித்தல்

இடைவெளியைவிடச் சற்றே பருமனாகக் கயிற்றை முறுக்குங்கள். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பில் தோய்த்து உலர்த்தினால் சாந்து அதை நன்றாகப் பிடிக்கும். மர ஆப்பால் தட்டித் தட்டி உள்ளே இறக்குங்கள். மேலே முக்கால் அங்குல ஆழம் சாந்துக்கு வேண்டும்.

4. சாந்து

பொறுமை வேண்டியது இங்கேதான். மூன்று நாள் முன்பே, கொட்டை நீக்கி இடித்த ஒரு கைப்பிடி கடுக்காயையும் ஒரு சின்ன வெல்லக்கட்டியையும் 2 லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். இது நான் வைத்துக்கொண்ட அளவு. ஊருக்கு ஊர் மாறும். வடிகட்டிய நீரைத் தெளித்து, சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 2 பங்கு சேர்த்துக் குழையுங்கள். கெட்டியாகத் தோன்றினாலும் உடனே நீர் ஊற்றாதீர்கள். அடித்துக் குழைக்கக் குழைக்கத் தானே இளகும். 4 அடிக்கு 3 அடி ஜன்னலைச் சுற்றி அரை அங்குல இடைவெளி என்றால் ஒன்றரை லிட்டர் சாந்து போதும்.

சுவர்ப்பக்கத்தை நனைத்துவிட்டு, கரணையால் அழுத்தி முதல் பூச்சைப் பாதி ஆழத்துக்கு நிரப்புங்கள். அது விரலுக்கு உறுதியாகப் பட்ட பிறகு இரண்டாவது பூச்சு. சில மணி நேரத்தில் மெல்லிய விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கரணையின் பின்பக்கத்தால் மறுபடி அழுத்தித் தேயுங்கள். அப்புறம் நான்கு நாள் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு நேர்வெயில் படாமல் காப்பாற்றுங்கள். ஜன்னலின் கீழ் விளிம்பில் மட்டும் வெளிப்பக்கம் சரிவாக முடித்தால் தண்ணீர் நிற்காது.

5. லப்பம்

மூன்று வாரம் கழித்து, மரத்தை ஒட்டித் தெரியும் மெல்லிய கோட்டுக்கு லப்பம். 1 கிலோ சாக் பவுடருக்குச் சுமார் 200 மில்லி ஆளிவிதை எண்ணெய். சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். விரலால் அழுத்தி, பட்டி பிளேடால் வழித்துவிடுங்கள். மேலே ஆடை படிய ஒன்றிரண்டு வாரமாகும், பெயிண்ட் அதற்குப் பிறகுதான். ஒன்று முக்கியம்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கிவிடுங்கள், அல்லது திறந்தவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

முதல் பெருமழையன்று உள்பக்கச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் எங்காவது முடிக்கோடு விட்டிருந்தால், அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் லப்பத்தை அழுத்தினால் சரியாகிவிடும்.