அபாகஸ் முடிவுக் கோப்புக்குள் வழி கண்டுபிடிப்பது

இலங்கையின் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் மாடியின் இரும்பு உத்தரம் பாரத்தில் எப்படி வளைகிறது என்று அபாகஸ் (Abaqus) என்ற கணினி மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். கணக்கு ஓடி முடிந்தது. முடிவுகள் இருக்கும் ஓடிபி (.odb) கோப்பைத் திறந்தால் தலைகால் புரியவில்லை. கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பாவின் செக்ரோல்தான், அதாவது தோட்டத்து ஆட்களின் வேலைப் பதிவேடுதான் கைகொடுத்தது. ஆளின் பெயரும் இலக்கமும் ஒருமுறை. அப்புறம் நாளுக்கு நாள் பதிவு.

இங்கும் அதேதான். பாகங்கள், அவற்றைச் சேர்த்த அசெம்பிளி, உத்தரத்தைக் கூறுபோட்ட சிறு துண்டுகளான எலிமென்ட்கள், துண்டுகள் சேரும் புள்ளிகளான கணுக்கள், பெயரிட்ட கூட்டங்களான செட்கள் எல்லாம் மாதிரிப் பக்கம். முடிவுப் பக்கத்தில் ஸ்டெப் (பாரம் ஏற்றும் ஒரு கட்டம்), அதற்குள் ஃபிரேம் (அந்தக் கட்டத்தில் ஒரு கணத்தின் பதிவு), அதற்குள் இடப்பெயர்ச்சியும் தகைப்பும் (stress).

முதலில் ஸ்டெப்பைப் பிடியுங்கள், பிறகு கடைசி ஃபிரேம். பூச்சிய ஃபிரேம் தொடக்க நிலை. அதைப் பார்த்துவிட்டு “உத்தரம் வளையவே இல்லை” என்று நான் சந்தோஷப்பட்டது தனிக்கதை.

கணு இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு உத்தரம் வைத்தால் இரண்டிலும் 15ஆம் கணு இருக்கும். எந்த இன்ஸ்டன்ஸ், அதாவது அசெம்பிளியில் வைத்த எந்த உத்தரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தோட்டத்தில் எந்த லயத்து (வரிசை வீட்டு) ராமாயி என்று கேட்பதில்லையா?

தகைப்பில்தான் கவனம் வேண்டும். இடப்பெயர்ச்சி கணுவில் கிடைக்கும். தகைப்போ எலிமென்ட்டுக்குள் இருக்கும் தொகையீட்டுப் புள்ளிகளில் கணக்காகிறது: எட்டுக் கணு உள்ள சீ3டீ8 (C3D8) எலிமென்ட் வகையில் 8 புள்ளி, அதிலேயே புள்ளி குறைத்த சீ3டீ8ஆர் (C3D8R) வகையில் ஒன்றே ஒன்று. திரையில் கணுவில் தெரியும் வண்ணம் அங்கிருந்து நீட்டி, அக்கம்பக்கத்தோடு சராசரி எடுத்தது. மூலையில் உச்சம் குறைந்து தெரிந்தால் சராசரியை நிறுத்திப் பாருங்கள்.

தாங்கி நிற்கும் முனைகளுக்கு ஓட்டத்துக்கு முன்பே செட் போட்டு, வேண்டிய வெளியீட்டையும் கேட்டு வையுங்கள். கேட்காத வெளியீடு கோப்பில் இருக்காது, திரும்ப ஓட்ட வேண்டியதுதான்.