ஜல்லி ‘பாஸ்’ என்று எழுதுவதற்கு முன்: கார-சிலிக்கா வினைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபுக்குப் புதிதாக வரும் பொறியாளர்கள், என் தலைமுறை செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். அளவு தப்பாகக் குறிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மேலே இருப்பவர் பார்த்துத் திருத்திவிடுவார்.

சிமெண்டின் காரமும் (ஆல்கலி) ஜல்லியில் உள்ள சில வகை சிலிக்காவும் ஈரத்தில் சேர்ந்தால் ஒரு கூழ் உண்டாகும். அது தண்ணீரை உறிஞ்சி வீங்கும். கான்கிரீட் உள்ளிருந்து விரிசல் விடும்.

0.08 வந்ததும் ‘பாஸ்’ போடுவது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அணை வேலைக்கான நைஸ் (gneiss, கிரானைட் போன்ற உருமாறிய பாறை) ஜல்லி. “சார், விரிவு 0.08 சதவீதம்தான், பாஸ்” என்று அறிக்கையை நீட்டினார் ஓர் இளைஞர். நுண்ணோக்கியில் கல்லைப் பார்த்தீர்களா என்றேன். இல்லை.

துரித மார்ட்டர் பார் சோதனையில் கல்லை மணலாக உடைத்து, சிமெண்டோடு கலந்து வார்த்த பார்களை 80 டிகிரி காஸ்டிக் சோடா கரைசலில் 14 நாள் வைக்கிறோம். விரிவு 0.10 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்தில்லை, 0.20-ஐத் தாண்டினால் ஆபத்து என்பது கணக்கு. ஓபல், செர்ட் போன்ற வேகமான கற்களை இது பிடித்துவிடும். நைஸ், கிரானைட் வகைகளில் நெருக்குண்ட குவார்ட்ஸ் (ஒரு வகை சிலிக்கா) மெதுவாகத்தான் வினைபுரியும். சில கிரானைட் நைஸ் கற்கள் 0.10-க்குள் வந்தும் கட்டுமானத்தில் வீங்கியிருக்கின்றன. அமெரிக்கத் தரவிதியின் பின்னிணைப்பே இதை எச்சரிக்கிறது. ஹிராகுட், ரிஹந்த் அணைகளில் இந்த வினையால் வந்த சேதத்தைப் படித்தவர் அந்த எண்ணை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடமாட்டார்.

நுண்ணோக்கியில் அப்படிப்பட்ட குவார்ட்ஸ் தெரிந்தால் கான்கிரீட் பட்டகச் சோதனைக்குப் போங்கள்: 38 டிகிரியில் ஓராண்டு, விரிவு வரம்பு 0.04 சதவீதம். “ஓராண்டு யார் காத்திருப்பது?” என்பார்கள். குவாரியைத் தேர்வு செய்யும்போதே தொடங்க வேண்டிய சோதனை இது. அதற்கு அவகாசமில்லை என்றால் ஜல்லி வினைபுரியும் என்றே வைத்துக்கொண்டு கலவையை வடிவமையுங்கள்.

மாதிரி ஒரு குவாரி, லோடு வேறு குவாரி

அறிக்கை செல்லாது.

‘லோ ஆல்கலி சிமெண்ட்தானே’

0.6 சதவீதக் காரமுள்ள சிமெண்டை கன மீட்டருக்கு 300 கிலோ போட்டால் காரம் 1.8 கிலோ, 450 போட்டால் 2.7. சதவீதத்தோடு மொத்தக் காரத்தையும் கணக்கிடுங்கள்.

எந்த ஃப்ளை ஆஷும் ஒன்றுதான் என்பது

இந்த வினையை அடக்கக் கலவையில் சேர்க்கும் அனல்மின் நிலையச் சாம்பல்தான் ஃப்ளை ஆஷ். நெய்வேலி லிக்னைட் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். நிலக்கரிச் சாம்பல் அளவுக்கு அது இந்த வினையை அடக்காது. வேலைக்கு வரப்போகும் சாம்பல், சிமெண்ட், ஜல்லி மூன்றையும் சேர்த்துச் சோதித்து விகிதத்தை முடிவு செய்யுங்கள். பழைய வேலையின் விகிதத்தை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.