தூக்கத்தில் கைவைக்காதீர்கள்: வேலைக்குப் போகிற நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் என் போனில் ஐந்து அலாரம் இருந்தது. ஆறரைக்கு முதலாவது, அப்புறம் பத்துப் பத்து நிமிடத்தில் மற்ற நான்கு. ஐந்தாவது அடிக்கும்போது எழுந்து, குளித்து, ஓடிப்போய் ரயிலைப் பிடித்து, வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பி, துணி, பாத்திரம், மறுநாளைக்கு வேண்டியது என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்து உட்காரும்போது மணி பதினொன்றாகியிருக்கும். அந்த நேரத்தில் போய்ப் படுக்க யாருக்கு மனம் வரும்? அன்றைக்கு எனக்கென்று கிடைத்த முதல் அரைமணி நேரமே அதுதான். அந்த அரைமணி ஒரு மணி வரை நீளும், சில நாள் இரண்டு வரைக்கும் போகும்.

ஒருநாள் மாலை ரயிலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், கண் சொருகி முழங்கால் மடங்கி, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் மேல் சாய்ந்துவிட்டேன். அவர் தாங்கிப் பிடித்து, "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. அன்றைக்குப் பயந்துதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் செய்துகொண்டிருந்தது எல்லாம் என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் செய்வதுதான் என்று புரிந்தது.

நாள் நெருக்கும்போது ஆபீஸ் நேரத்தைக் குறைக்க முடியாது, பயண நேரம் நம் கையில் இல்லை, வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டால் அது இரண்டு மடங்காகி வந்து நிற்கும். மிச்சம் இருப்பது தூக்கம். அதை எடுத்தால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அதனால்தான் எல்லோரும் அதில் கைவைக்கிறோம். கீழே இருக்கிற எல்லாத் தவறுகளும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

"எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது"

இதை நானும் நம்பிச் சொன்னேன். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் இரவுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்காவின் இரண்டு தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் சேர்ந்து பரிந்துரைத்தன. அதைப் படித்தபோதுகூட, இது மற்றவர்களுக்குச் சொன்னது என்றுதான் நினைத்தேன். என்னை மாற்றியது 2003-ல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று. ஆரோக்கியமான ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 4 மணி நேரம், இன்னொன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 8 என்று படுக்கை நேரம் கொடுத்து, 14 நாள் தொடர்ந்து கவனத்தையும் நினைவையும் சோதித்தார்கள். 8 மணி நேரக் குழு ஏறக்குறைய சீராகவே இருந்தது. 6 மணி நேரக் குழு நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு வாரம் முடிகையில், இரவு முழுக்கத் தூங்காமல் விழித்திருந்தவர்கள் அளவுக்குத் தடுமாறியது.

இதில் என்னை உலுக்கிய பகுதி வேறு. எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாகக் கூடவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். திறமை இறங்கிக்கொண்டே போகிறது, ஆனால் இறங்குவது நமக்குத் தெரிவதில்லை. 'பழகிவிட்டது' என்று நாம் சொல்கிற நிலை இதுதான். ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படிப்பது, சின்ன விஷயத்துக்கு வீட்டில் எரிந்து விழுவது, கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவது, இதையெல்லாம் வேலை அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மிகக் குறைவாகத் தூங்கியும் நன்றாக இயங்குகிற உடல்வாகு உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை, ஆனால் அபூர்வம். நீங்கள் அப்படிப்பட்டவரா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஒரு வாரம் விடுப்பில் இருக்கும்போது அலாரம் இல்லாமல் தூங்கிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கணக்கில் வராது, அது பழைய பாக்கி. அதற்குப் பிறகும் ஆறு மணி நேரத்தில் தானாக விழிப்பு வந்து பகல் முழுக்கத் தெளிவாக இருந்தால், சரி, உங்களுக்குப் போதும்.

விடுமுறை நாளில் மொத்தமாகத் தூங்கிவிடலாம் என்று நினைப்பது

வேலை நாளில் ஆறரைக்கு எழுகிறவர் விடுமுறை நாளில் பதினொன்றுக்கு எழுந்தால், பாக்கியில் கொஞ்சம் அடைபடும், உண்மைதான். ஆனால் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் சூடு இறங்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்றெல்லாம் அதுதான் நேரம் குறிக்கிறது (அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்). வாரத்துக்கு இரண்டு நாள் நாம் அதை மூன்று நான்கு மணி நேரம் பின்னுக்கு இழுக்கிறோம், வேலை நாள் வந்ததும் முன்னுக்குத் தள்ளுகிறோம். ஒவ்வொரு வாரமும் வேறொரு நாட்டுக்கு விமானத்தில் போய்த் திரும்பி வருவது மாதிரி. ஜெர்மனியின் தூக்க ஆய்வாளர் டில் ரோன்னபெர்க் குழு 2006-ல் இதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்றே பெயர் வைத்தது. விடுமுறை முடிகிற ராத்திரி படுத்தும் தூக்கம் வராமல் புரள்கிறோமே, நாளைய வேலையை நினைத்து மட்டும் அல்ல அது. அன்று பதினொன்றுக்கு எழுந்த உடம்புக்கு இன்னும் தூங்கும் நேரமே வரவில்லை.

எனக்கு அதிகம் உதவியது, எழும் நேரத்தைக் கட்டிப்போட்டதுதான். படுக்கும் நேரத்தை நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒருநாள் வேலை இழுக்கும், ஒருநாள் நண்பர்கள் வருவார்கள். எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் எழுந்துவிட்டு, தேவைப்பட்டால் மதியம் இருபது நிமிடம் கண்ணயருங்கள். இருபதைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ வேண்டி வரும், தலை கனத்து அரைமணி நேரம் எதுவும் ஓடாது. மாலையில் தூங்கவே வேண்டாம், ராத்திரித் தூக்கம் கெடும்.

காபியைக் கடைசி நேரத்துத் துணையாக வைத்துக்கொள்வது

விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்கம் அழுத்துவது பெரும்பாலும் அதனால்தான். காபியிலும் டீயிலும் இருக்கிற கஃபீன் அந்த அடினோசினை நீக்குவதில்லை, அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு உள்ளே அப்படியே இருக்க, அது இருப்பதாகச் சொல்கிற மணியை மட்டும் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி.

குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது, ஆளுக்கு ஆள் மாறும், கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நீளும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் உள்ளே இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2013-ல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குக்கூடத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அது பெரிய அளவுதான், நான்கு கப் காபிக்குச் சமம். ஆனால் வேலை மும்முரத்தில் நான்கு கப்பைத் தாண்டுகிறவர்கள் எத்தனையோ பேர். "நான் குடித்தாலும் நன்றாகத் தூங்குவேன்" என்பவர்களுக்கும் ஒன்று: தூங்கிவிடலாம், தூக்கத்தின் ஆழம் குறைந்திருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் நிறுத்திப் பாருங்கள். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், தலைவலிகூட வரலாம். மதுவும் இதே கதைதான். சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

பகலில் கிடைக்காததை ராத்திரியிடம் வசூலிப்பது

இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மற்றவையெல்லாம் தெரியாமல் செய்கிற தவறுகள், இது தெரிந்தே செய்வது. நாளைக்குக் கஷ்டப்படுவோம் என்று தெரியும், கண் எரிகிறது, பார்க்கிற வீடியோவும் அப்படி ஒன்றும் பிரமாதமாக இல்லை, ஆனாலும் விரல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சீன மொழியில் இதற்குப் 'பழிவாங்கும் கண்விழிப்பு' என்று பொருள்படும் ஒரு சொல் உண்டு. நாள் முழுக்க நம்மை எடுத்துக்கொண்ட உலகத்திடமிருந்து கொஞ்ச நேரத்தைப் பிடுங்கிக்கொள்வது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014-ல் இதைத் தூக்கத்தைத் தள்ளிப்போடும் பழக்கமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். வெளியே எந்தத் தடையும் இல்லாதபோதும், நினைத்த நேரத்தில் படுக்காமல் இருப்பது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

இதற்கு "கட்டுப்பாடு வேண்டும்" என்று அறிவுரை சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். நாள் முழுக்க மற்றவர்களுக்காகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருந்தவரிடம் ராத்திரி பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் கேட்டால் எங்கிருந்து வரும்? அந்த ஆசை நியாயமானது. தனக்கென்று நேரம் இல்லாமல் யாராலும் வாழ முடியாது. அதை நாளின் கடைசியில், களைத்துப்போன நேரத்தில் வைப்பதில்தான் பிசகு.

நான் வரிசையை மாற்றினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் கழுவி, பல் துலக்கி, படுக்கும் உடைக்கு மாறிவிடுவேன். சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளித்தால் எனக்குப் போதும். தூக்கத்தை நான் தள்ளிப்போட்டதில் பாதிக்குக் காரணம் எழுந்து போய் இதையெல்லாம் செய்ய வேண்டுமே என்ற அலுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்து, வீட்டு வேலைக்கு முன்பே முக்கால் மணி நேரம் எனக்கு. அலாரம் வைத்து, குற்ற உணர்ச்சி இல்லாமல், பிடித்ததைச் செய்வேன். அப்புறம்தான் பாத்திரமும் துணியும். நேரம் போதாமல் போனால் பாத்திரம் காத்திருக்கட்டும். அழுக்குப் பாத்திரத்தை விடிந்த பிறகும் கழுவலாம்.

போனைத் தூர வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். வெளிச்சம் ஒரு காரணம்தான்: கண்ணில் நீல ஒளிக்கு அதிகம் துடிக்கிற நரம்புச் செல்கள் சில இருக்கின்றன, பார்ப்பதற்காக அல்லாமல் உள் கடிகாரத்துக்குப் பகலா இரவா என்று சொல்வதற்காக. ஆனால் திரையின் ஒளியைவிட அதில் ஓடுகிற விஷயம் நம்மை அதிகம் விழிக்க வைக்கிறது என்பது என் அனுபவம். படுக்கையில் கிடந்து ஆபீஸ் குழுவில் வந்த ஒரு வரியைப் படித்துவிட்டால் போதும், மனம் அங்கே போய்விடும். வெளிச்ச விஷயத்தில் நாம் உண்மையில் கோட்டை விடுவது காலையில். மேகம் மூடிய பகலில்கூட வெளியே இருக்கிற வெளிச்சம் அறைக்குள் இருப்பதைப் போலப் பல மடங்கு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நடந்தால், கடிகாரம் முன்னுக்கு நகர்ந்து, ராத்திரித் தூக்கம் சீக்கிரம் வரும்.

படுக்கையை ஆபீஸாக்குவது

ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது தவிர்க்கவே முடியாததுபோல் தோன்றும். லேப்டாப்பும் அங்கே, சாப்பாடும் அங்கே, அழுகையும் அங்கே. கடைசியில் படுக்கையைக் கண்டாலே மூளை வேலைக்குத் தயாராகிவிடுகிறது. ஒரு நாற்காலி போதும், அல்லது தரையில் ஒரு பாய். தூக்கம் தவிர மற்றவற்றுக்கு அந்த இடம். படுத்து இருபது நிமிடம் ஆனமாதிரி தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள், கண் இழுக்கும்போது திரும்பப் போங்கள். மணி பார்க்க வேண்டாம். பார்த்தால் "இன்னும் நாலு மணி நேரம்தான்" என்று கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.

ஐந்து அலாரத்தைப் பற்றி: ஆறரைக்கும் ஏழு பத்துக்கும் நடுவில் நமக்குக் கிடைத்தது உடைந்த தூக்கம். கனவு வருகிற தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம், அதைத்தான் வெட்டுகிறோம். ஏழு பத்துக்குத்தான் எழப்போகிறீர்கள் என்றால் ஏழு பத்துக்கே ஒன்று வையுங்கள், கைக்கு எட்டாத இடத்தில்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வொன்று, 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. காலை ஆறுக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கு அந்தப் 17 மணி நேரம் ஆகிவிடும். கண் சொருகினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் உதவாது. நிறுத்திவிட்டுக் கண்ணயருங்கள், இல்லையென்றால் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல் அது மூன்று மாதமாகத் தொடர்கிறது என்றால், அது பழக்கத்தின் தவறு மட்டும் இல்லை, டாக்டரைப் பாருங்கள். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவதாகக் கூட இருப்பவர்கள் சொல்வது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தள்ளாடுவது, இவற்றுக்கு மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். மாத்திரைதான் தருவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் கொடுக்க வேண்டியது சிபிடி-ஐ (CBT-I) என்கிற, பேசிப் பேசி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி என்று 'அமெரிக்க மருத்துவர் கல்லூரி' என்கிற மருத்துவர் அமைப்பு 2016-லேயே சொல்லிவிட்டது. போகும்முன் இரண்டு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சுமார் எப்போது தூங்கினீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், கடைசி காபி எப்போது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது பெரும்பாலும் இவைதான்.