இன்றைய பில், மூன்று ஆண்டு கழித்து வரும் பில்: பிராடக்ட் மேனேஜர்களுக்கு

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரக் கடைகளுக்குப் பில் போடும் செயலி ஒன்று உங்கள் பொறுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிப்பு வருகிறது: பொருள், சேவை வரி (ஜிஎஸ்டி) 7 சதவீதத்திலிருந்து 2023 ஜனவரி 1 அன்று 8 ஆகும், 2024 ஜனவரி 1 அன்று 9 ஆகும். நிரலில் 7 இருக்கும் இடத்திலெல்லாம் 8 என்று மாற்றினால் அரைநாளில் முடிந்துவிடும். விகிதமும் அது அமலாகும் தேதியும் கொண்ட அட்டவணை ஒன்றை வைத்து, பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் அன்றைய விகிதத்தைச் சேமிக்கப் போனால் மூன்று நான்கு நாள் பிடிக்கும்.

அந்த மூன்று நான்கு நாளைக் கொடுத்துவிடுங்கள். அரைநாள் வழியில் போனால் அடுத்த டிசம்பரில் அதே வேலை திரும்ப வரும். 2023 டிசம்பரில் விற்ற சேலை ஜனவரியில் திரும்பி வந்தால், அதன் தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்டில் 8 சதவீதம்தான் இருக்கவேண்டும். செயலி 9 போட்டால் கடைக்காரரின் வரிக்கணக்கு பிசகும். இன்வாய்ஸ்நவ் என்ற மின்-பில் கட்டமைப்பு வழியாகப் பில் தரவை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்பும் கட்டாயம், விருப்பத்தின்பேரில் ஜிஎஸ்டிக்குப் பதியும் புது நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1 அன்று தொடங்கியது. அப்படிப் புதிதாகப் பதிவோர் எல்லாருக்கும் 2026 ஏப்ரல் 1 முதல். அதற்கும் அடிப்படை, பொருள்வாரியாகச் சேமித்த அதே விகிதம்தான்.

அவசர வேலையைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு கேள்வி போதும்: இதன் அவசரம் தீர்ந்தபின் நம் கையில் என்ன மிஞ்சும்? நீங்கள் போகும் திசைக்கு உதவுவது ஏதாவது மிஞ்சினால் அதை முதலில் எடுங்கள். எதுவும் மிஞ்சாது, ஆனாலும் தேவை உண்மையானது என்றால் செய்துவிட்டு, தற்காலிக ஒட்டு வேலைகளுக்கென வைத்த பதிவேட்டில் ஏற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

திசை எழுத்தில் இருந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். இரண்டே வாக்கியம் எழுதுங்கள். “மூன்று ஆண்டில் எங்கள் பில் ஒவ்வொன்றும் வேறு கணக்கு மென்பொருள் படிக்கக்கூடிய தரவாக இருக்கும். ஆகவே கடைக்குக் கடை தனி பில் வடிவம் செய்து தரமாட்டோம்.” பலர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுப்பு இல்லாத திசைக்குள் எந்தக் கோரிக்கையையும் நுழைத்துவிடலாம்.

அடுத்தது நாள் கணக்கு. ஐந்து பொறியாளர்கள், இரண்டு வார ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலை) என்றால் 50 ஆள்நாள். விடுப்பு, கூட்டம், வாடிக்கையாளர் புகார் எல்லாம் கழித்து 35 தேறினால் நல்லது. அதில் 7 நாளை வரி அட்டவணை போன்ற அடித்தள வேலைக்கு ஒதுக்குங்கள். “20 சதவீதம் அடித்தளத்துக்கு” என்று பொதுவாக ஒதுக்கினால் இரண்டாம் வாரத்திலேயே அது கரைந்துபோகும், ஏனென்றால் அதற்கு ஆளும் இல்லை, முடிவும் இல்லை. எந்த வேலை, யார் பொறுப்பு, எத்தனை நாள், முடிந்ததற்கு என்ன அடையாளம் என்று எழுதுங்கள். வரி அட்டவணைக்கு அந்த அடையாளம் இப்படி இருக்கலாம்: பழைய பில்கள் 1,000ஐ மறுபடி அச்சிட்டால் ஒரு காசும் மாறக்கூடாது.

தற்காலிக ஒட்டு வேலைகளின் பதிவேட்டில் நான்கு நெடுவரிசை போதும்: என்ன செய்தோம், எங்கே செய்தோம், எப்போது அகற்றுவோம், எந்த அளவைத் தாண்டினால் உடையும். நான்காவதுதான் முக்கியம். தேதியை யாரும் தள்ளிப்போடலாம். “பணம் செலுத்த ஸ்கேன் செய்யும் பேநவ் கியூஆர் படங்களைக் கையால் ஏற்றுகிறோம், 30 கடைக்கு மேல் தாங்காது” என்பதைத் தள்ளிப்போட முடியாது.

வேகத்தில் தவறவிடும் இன்னொன்று, காட்டும் விலை. சிங்கப்பூரில் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்க வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள், ஹோட்டல்களுக்கு விலக்கு உண்டு. 8 சதவீதத்தில் 10.80 வெள்ளியாக இருந்தது 9இல் 10.90 ஆகும். ஆனால் கடைக்காரர் 10.80லேயே நிறுத்தி, அந்தப் பத்துக் காசைத் தானே ஏற்க விரும்பலாம். செயலி தானாக விலையை ஏற்றினால் அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றாகி, வாடிக்கையாளர் முன்னால் அவர் தலைகுனிய நேரும். அவரைக் கேட்டே மாற்றுங்கள்.

அளவீட்டையும் இரண்டாக வையுங்கள். அவசர வேலைக்கு: இரண்டு வாரத்தில் அந்தப் புகார் குறைந்ததா? நீண்ட வேலைக்கு: இந்த மாதம் சேர்ந்த கடைகளில் எத்தனை எட்டாவது வாரத்திலும் பில் போடுகின்றன? புதிதாகச் சேர்ந்தோரை மட்டும் எண்ணினால் தள்ளுபடி கொடுத்தே அந்த எண்ணை ஏற்றிவிடலாம், உண்மை தெரியாது.

தீபாவளிக்கு முந்திய நான்கு வாரம் பணம் வாங்கும் திரையைத் தொடாதீர்கள். சீனப் புத்தாண்டை நம்பும் கடைகளுக்கும் அப்படியே. தரவுத்தள மாற்றங்களை ஆண்டின் நடு மாதங்களில் முடித்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக் குழு ஒரு கடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றால் உடனே தலையாட்ட வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். இதே தேவை எத்தனை கடைகளுக்கு இருக்கிறது, அதுவரை கையால் செய்தால் நாளுக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஒரே கடை, பத்து நிமிடம் என்றால் உங்கள் ஆதரவுக் குழுவே நான்கு வாரம் கையால் செய்துகொடுக்கட்டும். எதைக் கட்டவேண்டும், எதைக் கட்டவே தேவையில்லை என்பது ஐந்தாம் வாரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.