பழைய சுரங்க ஊருக்கு வெந்நீர்க் குழாய்: எங்கே தவறுகிறோம்?

வெளியே 38 டிகிரி வெயில். பெருங்குடியில் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் வரைந்துகொண்டிருப்பதோ, இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு பழைய நிலக்கரி ஊருக்குக் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் குழாய்கள். ஓரிடத்தில் தண்ணீரைச் சூடாக்கித் தரைக்கடியில் தெருத்தெருவாக அனுப்பி, வீட்டுச் சுவரில் இருக்கும் ரேடியேட்டரில் ஓடவிட்டு, ஆறியதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். டிஸ்ட்ரிக்ட் ஹீட்டிங் என்பது இவ்வளவுதான். வீட்டுக்கு வீடு கேஸ் எரியாது. மூடிய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரே வெப்பத்துக்கு மூலம். நான் மனதார நம்பும் திட்டம் இது. அதனால்தான் தெரியாமல் செய்யும் தவறுகளால் இது கெடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சுரங்கம் என்றதும் அடியில் வெந்நீர் காத்திருக்கிறது என்று நினைப்பது முதல் தவறு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் நெய்வேலிக்காரன். அவனுக்குச் சுரங்கம் என்றால் வானம் பார்த்துத் திறந்த பெரும் பள்ளம். இங்கிலாந்தின் அந்த ஊரில் இருப்பவை பூமிக்கடியில் குடைந்த பாதைகள். கரி வெட்டிய காலம்வரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். சுரங்கத்தை மூடியதும் பம்ப் நின்றது, பாதைகள் நிரம்பின. "அப்போ அது சூடாத்தானே இருக்கும், அக்கா?" என்றான். அதே வடகிழக்கு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 2023இல் ஓடத் தொடங்கிய திட்டத்தில், சுமார் 150 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் 15 டிகிரிதான். மார்கழி விடியலில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே இதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி உயர்த்த ஹீட் பம்ப் வேண்டும். ஃபிரிட்ஜின் பின்புறம் கை வைத்தால் சுடுகிறதே, அதே வேலைதான். அங்கே 6 மெகாவாட் அளவில் நடக்கிறது.

இங்கேதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு வருகிறது. சுரங்கத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறோம். வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பையன் கொண்டுவந்த வரைபடத்தில் அனுப்பும் தண்ணீர் 80 டிகிரி, திரும்புவது 60 என்று இருந்தது. ஏதோ பழைய கேஸ் பாய்லர் வரைபடத்திலிருந்து எடுத்த எண்கள். 15 டிகிரித் தண்ணீரை வைத்து 80க்கு ஏற்றினால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். 55 போதும் என்றால் நான்கு யூனிட்வரை கிடைக்கும். மெஷின் அதேதான், நாம் கேட்கும் டிகிரி மட்டும்தான் வேறு.

சரி, 55 டிகிரியில் அந்த வீடு சூடாகுமா? ஜன்னல் இடுக்கிலும் கூரையிலும் சூடு ஓடிப்போகும் பழைய வரிசை வீடு என்றால் ஆகாது. கூரைக்கு அடியில் காப்புப் பஞ்சு விரித்து, இடுக்கை அடைத்து, சின்ன ரேடியேட்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டினால் ஆகும். இந்த வேலையைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினால் ஹீட் பம்ப் முதல் குழாய்வரை எல்லாமே பெரிதாக வாங்க வேண்டிவரும்.

திரும்பி வரும் தண்ணீரையும் யாரும் கவனிப்பதில்லை. 55இல் போய் 25இல் வந்தால் 30 டிகிரி வெப்பத்தை வீடுகள் எடுத்துக்கொண்டன. ஏதோ வால்வு சரியாக மூடாமல் 40இல் திரும்பினால், அதே சூட்டைக் கொடுக்க இரண்டு மடங்கு தண்ணீரை ஓட்ட வேண்டும். குழாய் அதேதான் என்பதால், பம்புக்கு வேண்டிய சக்தி கிட்டத்தட்ட எட்டு மடங்காகும்.

அடுத்தது காற்று. மேடவாக்கத்தில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பக்கெட்டில் பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். காலையில் பார்த்தால் அடியில் செங்காவி படிந்திருக்கும், விளிம்பில் துருக்கோடு. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுப் பிரிந்து வந்ததுதான் அது. சுரங்கத் தண்ணீரில் இரும்பு இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கலாம். அதைத் திறந்த தொட்டியில் விழவிட்டாலோ, பம்ப் வழியே காற்று புகுந்தாலோ, தண்ணீர் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே இந்தக் காவி அடைத்துக்கொள்ளும். மேலே எடுத்து, வெப்பத்தை வாங்கி, திரும்பக் கீழே விடும்வரை காற்றுப் படாத மூடிய பாதை வேண்டும். வடிகட்டி போட்டுச் சமாளிக்கலாம் என்று வரைவதைவிட, காற்று எந்த இடத்தில் நுழையும் என்று குழாயோடு குழாயாக விரல் வைத்துப் பார்ப்பது நல்லது.

சுரங்கம் வற்றாது என்று நம்புவதும் ஆபத்து. நெதர்லாந்தின் ஹேர்லென் நகரம் இதைப் பட்டறிந்தது. அந்நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்கள் 1974இல் முழுதாக மூடப்பட்டன. 2008இல் ஹேர்லென் சுரங்கத் தண்ணீரை எடுக்கத் தொடங்கியது: சுமார் 700 மீட்டர் ஆழத்திலிருந்து 28 டிகிரித் தண்ணீர் சூட்டுக்கு, ஆழம் குறைந்த இடத்திலிருந்து 16 டிகிரித் தண்ணீர் குளிர்ச்சிக்கு. எடுத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல அந்தச் சூடு தீர்ந்துவிடும் என்று புரிந்தபோது, 2013 வாக்கில் முறையையே மாற்றினார்கள். இப்போது சுரங்கம் அவர்களுக்குச் சேமிப்புக் கிடங்கு. ஒரு கட்டடத்தின் கம்ப்யூட்டர் அறை கழிக்கும் சூடு இன்னொரு கட்டடத்துக்குப் போகிறது. மிச்சம் கீழே இறங்குகிறது, குளிர்காலத்தில் மேலே வருகிறது. சூட்டைக் கொடுத்து ஆறிய தண்ணீரை, மேலே இறைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே திருப்பி விடுவதும் இதே வகைப் பிழை. பழைய சுரங்கப் பாதை வழியாக அது சீக்கிரமே வந்து சேர்ந்துவிடலாம்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் "கார்பன் குறைவு" என்று எழுதக் கூடாது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டதால் அங்கே ஹீட் பம்ப் கணக்கு நன்றாக வருகிறது. அப்புறம், வருடத்தில் சில நாட்களே வரும் கடுங்குளிருக்காக மொத்த ஹீட் பம்ப்பையும் பெரிதாக்காதீர்கள். அந்த நாட்களுக்கு வெந்நீர் சேமிப்புத் தொட்டியும் துணைப் பாய்லரும் போதும்.

வரைபடத்தில் வராத ஒரு தவறும் உண்டு. அந்த ஊர்களில் சுரங்கத் தொழிலாளி வீடுகளுக்குச் சலுகை நிலக்கரி வந்துகொண்டிருந்தது. வாசலில் கொட்டிய கரியை அள்ளி அடுப்பு மூட்டிய குடும்பம் அது. அங்கே போய், மீட்டரோ விலையோ சொல்லாமல், வேறு கம்பெனிக்கு மாற வழியில்லாத ஒரு குழாயில் சேரச் சொன்னால் யார் சேருவார்கள்? குழாய் தோண்டுவதற்கு முன்பே, ஜனவரி மாத பில் எவ்வளவு வரும் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் எண்ணாகச் சொல்ல முடிய வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன், "நம்ம சென்னைக்கு இதுல என்ன இருக்கு, அக்கா?" என்றான். நமக்கு வேண்டியது கட்டடங்களைக் குளிர்விக்கும் குளிர்நீர்க் குழாய். குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் அது ஏற்கெனவே ஓடுகிறது. அங்கேயும் அனுப்பும் குளிர்நீர் போதுமான சூட்டை வாங்காமல் திரும்பினால் பம்புகள் வீணாக ஓடும். ஓஎம்ஆர் கட்டடங்களுக்கு அப்படியொன்று போடுவதானால் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் எத்தனை டன் என்ற கேள்விக்கு முன்னால், மாடி மாடியாக ஏறி வால்வுகளைப் பார்க்க வேண்டும்.